மகளுக்கு எதிரணியில்

வியாழக்கிழமை மதியம். கல்லூரிச் சாப்பாட்டு மண்டபத்தில் பருப்பு சூப்பின் ஆவி யன்னல் கண்ணாடிகளில் படிந்திருந்தது. வெளியே அந்த ஆண்டின் முதல் பனி, தரையைத் தொட்டதும் கரைந்துபோகிற அரைமனதுப் பனி.

பேராசிரியர் ஹெலன் ஒரு நாற்காலியில் ஏறி நின்று கரண்டியால் கண்ணாடிக் குவளையைத் தட்டினார். மிகவும் குள்ளமானவர். எந்த அறிவிப்பையும் நாற்காலியில் ஏறித்தான் சொல்வார். அவருடைய மற்றக் கையில் நீலப் பூப்போட்ட பீங்கான் சட்டி ஒன்று. அதற்குள் கல்லூரியில் படிக்கிற அத்தனை பேருடைய பெயர்களும் சிறு துண்டுகளாக மடித்துப் போடப்பட்டிருந்தன.

ஒவ்வொரு தவணையிலும் ஒருதடவை அந்தச் சட்டியிலிருந்து இரண்டு பெயர்களை எடுப்பார்கள். அந்த இருவரும் இரண்டு கிழமை கழித்து முழுக் கல்லூரிக்கும் முன்னால் நின்று ஒரு விடயத்தை வாதாட வேண்டும். எந்தப் பக்கம் என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிப்பார்கள். கூச்சம், காய்ச்சல், பரீட்சை என்ற சாட்டுகள் எதுவும் செல்லாது.

“ஆரணி குகதாசன்!” என்று முதல் துண்டை விரித்து வாசித்தார் ஹெலன்.

மேசைகளைத் தட்டி ஆரவாரித்தார்கள். மூன்று மேசை தள்ளி இருந்த ஆரணி எழுந்து, ஒரு கையை நெஞ்சில் வைத்து, நாடகக்காரி மாதிரி இடுப்பை வளைத்து வணக்கம் சொன்னாள்.

ஹெலன் இரண்டாவது துண்டை விரித்தார். கண்ணாடியை மூக்கில் சரிசெய்தார். “தாவா… மாலார்… நடாராஜா.”

“மலர்!” என்று என் பக்கத்திலிருந்த சோஃபி கத்தினாள்.

என் கரண்டி கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஆரணி வளைத்த இடுப்பை நிமிர்த்தாமல் அப்படியே நின்றாள். தூரத்திலிருந்து பார்த்தால் நாரி பிடித்துக்கொண்டது போலிருந்திருக்கும்.

மண்டபத்தில் நூறு பேருக்கு மேல் இருந்தோம். அவள் என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளும் நானும். அப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

புல்லில் படுத்திருந்தவர்கள்

நான் வேலை செய்த டோனட் கடையைப் பற்றிச் சென்ற கிழமைப் பத்தியில் எழுதியிருந்தேன். டொரொன்டோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் அண்ணையின் ஒற்றை அறை அப்பார்ட்மெண்டில் ஏழு பேராக இருந்த காலம் அது. எனக்குப் பதினெட்டு வயது. கடைக்கு நடந்துபோகிற வழியில் ஒரு செங்கல் கட்டடம் இருந்தது. சுவரெல்லாம் கொடி படர்ந்து, முன்னால் பெரிய புல்வெளி.

கோடையில் அந்தப் புல்லில் என் வயதுப் பிள்ளைகள் மல்லாந்து படுத்துக் கிடப்பார்கள். பட்டப்பகலில், வேலை நாளில், ஒரு அவசரமும் இல்லாமல். சிலர் முகத்தின் மேல் புத்தகத்தைக் கவிழ்த்திருப்பார்கள்.

அது ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். ஏதோ நீண்டகால வருத்தக்காரரை வைத்துப் பார்க்கிற இடம். இந்த வயதிலேயே இப்படி ஆகிவிட்டார்களே என்று இரங்கியிருக்கிறேன். ஒருநாள் வாசலில் நின்ற பெண்ணுக்கு, மிஞ்சிய டோனட் இரண்டைக் கொடுத்து, “கெட் வெல் சூன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் மிகவும் குழம்பிப்போய் நன்றி சொன்னாள்.

அது ஒரு கல்லூரி என்று தெரிய எனக்கு நாலு மாதம் சென்றது. தனியார் கல்லூரி, மிகச் சின்னது. டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்று எந்த வேலைக்கும் அங்கே படிப்பிப்பதில்லை. வரலாறு, தத்துவம், இலக்கியம், கொஞ்சம் கணிதம், கொஞ்சம் வானியல். எல்லாரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டும். அண்ணையிடம் சொன்னபோது, “உதைப் படிச்சிட்டு என்ன செய்யிறது?” என்று கேட்டார். டோனட் கடைக்குப் பிறகு பொதி கட்டும் தொழிற்சாலை, அதற்குப் பிறகு ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை. கலியாணம், டோர்செட் பார்க் பகுதியில் வீடு, ஆரணி. அந்தச் செங்கல் கட்டடத்தை நான் மறந்தே போனேன்.

ஐந்து நிமிஷப் பொய்

ஆரணி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது தானாகவே அந்தக் கல்லூரியைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். விண்ணப்பிப்பவர்கள் வந்து பார்க்கிற நாளில் நானும் கூடப் போனேன். வாசலைக் கண்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்று அவளுக்குச் சொல்லவில்லை.

மாதிரி வகுப்பு ஒன்று நடந்தது. பெரிய வட்ட மேசை. பிள்ளைகள் முன்னால், பெற்றோர் பின்னால் சுவரோரம். ஹெலன் வந்து உட்கார்ந்து, “நேற்றுப் பொய் சொன்னவர்கள் கையை உயர்த்துங்கள்” என்றார்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுவரோரத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. அது என்னுடையது.

“நான் பல் கிளினிக்கில் வேலை செய்கிறேன்” என்றேன். “நேற்று இருபது பேருக்காவது ‘டொக்டர் ஐந்து நிமிஷத்தில் பார்ப்பார்’ என்று சொன்னேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். ஹெலன் சிரிக்கவில்லை. “கேட்டவர்கள் அதை நம்பினார்களா?”

“இல்லை. அவர்களுக்கும் தெரியும்.”

“யாருமே நம்பாத ஒன்று பொய்யாகுமா?”

அடுத்த பத்து நிமிஷம் அவரும் நானும் கதைத்தோம். நான் ஒன்று சொல்ல, அவர் அதைத் திருப்பிப் போட, நான் மறுபடி நிமிர்த்த… என் முப்பது வருஷக் கனடா வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டு, பதிலுக்காகக் காத்திருந்ததில்லை. ஆரணி கதிரைக்குள் புதைந்துகொண்டே போனாள்.

வெளியே வரும்போது விண்ணப்பப் படிவங்கள் வைத்திருந்த மேசையில் இன்னொரு சின்னக் கட்டும் இருந்தது. நாற்பது வயதைக் கடந்த ஒருவருக்கு ஒவ்வொரு ஆண்டும் ஓர் இடம். ஒன்றை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இரண்டு வருஷம் அது அங்கேயே கிடந்தது, லிப்பாமும் பஸ் அட்டையும் உரசி உரசி மூலைகள் கிழிந்துபோகும்வரை.

உடன்படிக்கை

நான் விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது என்பதைச் சொன்ன மாலை ஆரணி கத்தவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. குசினி மேசையில் இருந்தபடி மெல்லிய குரலில் கேட்டாள்.

“அம்மா, டொரொன்டோவில எத்தினை காலேஜ் இருக்கு? வை மைன்?”

“அங்க கேக்கிற கேள்வியள் எனக்குப் பிடிச்சிருக்கு பிள்ளை.”

“அது என்ர இடம் அம்மா. வீட்டில நான் உங்கட மகள். கோயில்ல உங்கட மகள். கலியாண வீடுகளுக்குப் போனா அப்பான்ர மகள். அங்க மட்டுந்தான் நான் சும்மா ஆரணி. யூ நோ? ஜஸ்ட் ஆரணி.”

எனக்கு அது நன்றாக விளங்கியது. அதுதான் பிரச்சினை. விளங்காவிட்டால் கோபப்பட்டிருக்கலாம்.

என் கணவர் குகன் அடுப்படியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றார். லிஃப்ட் திருத்துகிற வேலை அவருக்கு. இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கிக்கொண்டவர்களோடு நிதானமாகக் கதைத்துப் பழகியவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“இதுக்கு ஏன் ரெண்டு பேரும் மூஞ்சையைத் தூக்கிறியள்? பேரும் வேற வேற. அங்க போய்த் தெரியாத ஆக்கள் மாதிரி இருங்கோ. பிரச்சினை முடிஞ்சுது.”

அவர் பகிடிக்குச் சொன்னார். ஆரணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

பெயர் விடயம் உண்மைதான். என் கனடாக் கடதாசிகள் எல்லாவற்றிலும் என் கடைசிப் பெயர் என் அப்பாவின் பெயர், நடராசா. கலியாணத்துக்குப் பிறகு அதை மாற்றப் போய் வரிசையில் நிற்க எனக்கு நேரமும் பொறுமையும் இருக்கவில்லை. ஆரணிக்குக் கடைசிப் பெயர் அவளுடைய அப்பாவின் முழுப் பெயர், குகதாசன். எங்கள் இருவரையும் ஒரே குடும்பம் என்று காட்ட ஓர் எழுத்துக்கூட இல்லை.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே உடன்படிக்கை முடிந்துவிட்டது. கல்லூரி வளவுக்குள் தமிழில் கதைக்கக் கூடாது. ‘செல்லம்’ கூடவே கூடாது. சாப்பிட்டாயா என்று கேட்கக் கூடாது, கண்ணாலும் கேட்கக் கூடாது. “நீங்கள் கண்ணால கேக்கிறது எனக்குத் தெரியும்” என்றாள்.

கைகுலுக்கல்

செவ்வாயிலிருந்து வியாழன்வரை கல்லூரி, மற்ற நாட்களில் கிளினிக் என்று ஒழுங்கு செய்துகொண்டேன். ஆரணி மூன்றாம் ஆண்டு, நான் முதலாம் ஆண்டு.

முதல் மூன்று கிழமையும் வட்ட மேசையில் நான் வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் சொல்வதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் பழக்கம். பக்கத்தில் இருந்த சோஃபி எட்டிப் பார்த்தாள். வடக்கே, குளிர் கூடிய சட்பரிப் பக்கத்திலிருந்து வந்தவள். குளிர்காலத்திலும் செருப்போடு திரிவாள்.

“நான் சொன்னதையா எழுதுகிறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். “அது பிழை என்று எனக்கே தெரியும். அதை எழுதாதே.”

“பிழை என்று தெரிந்துகொண்டா சொன்னாய்?”

“சொன்ன பிறகுதான் தெரிந்தது. அதற்குத்தானே சொல்வது!”

அடுத்த வகுப்பில் நான் பிழையான ஒன்றைச் சொன்னேன். யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு என் வாயை மூடுவதுதான் கஷ்டமாயிற்று. மதியச் சாப்பாட்டில், நூலகத்தில், தேநீர்ப் பாத்திரம் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் மாடிப்படியடியில், எங்கும் கதை. எனக்கு மகளின் வயதில் பத்துப் பன்னிரண்டு சிநேகிதர்கள் ஆகிவிட்டார்கள். என்னை மலர் என்றே கூப்பிட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைகள் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட, முதல் இரண்டு நாளும் பின்னால் வேறு யாரோ மலர் நிற்பதாகத் திரும்பிப் பார்த்தேன்.

ஒருநாள் சோஃபி நூலகத்தில் என் கையைப் பிடித்து இழுத்தாள். “வா, நீ கட்டாயம் ஒருத்தியைச் சந்திக்க வேண்டும். அவளும் தமிழ். உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகும்!”

அலமாரிக்குப் பின்னால் ஆரணி நின்றாள். கையில் புத்தகம்.

“ஆரணி, இது மலர். மலர், இது ஆரணி.”

என் மகள் கையை நீட்டினாள். “நைஸ் டு மீட் யூ” என்றாள்.

“நைஸ் டு மீட் யூ டூ” என்றேன். கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. கையுறை போடாமல் வந்திருக்கிறாள். அதைக் கண்ணால் கேட்டேன். அவள் கண்ணால் முறைத்தாள்.

“பார்த்தாயா!” என்றாள் சோஃபி மகிழ்ச்சியோடு. “ஏற்கெனவே தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறது.”

அன்று மாலை வீட்டில் நாங்கள் இருவரும் குசினித் தரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தோம். குகன் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்.

சிரித்தாலும், ஒரு விடயத்தை நான் யாருக்கும் சொல்லவில்லை. அந்தக் கல்லூரியில் நான் ஒரு புதிய ஆரணியைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உரக்கச் சிரித்தாள். மேசையில் ஏறி இருந்து கதை சொன்னாள். முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மூலையில் தனியாக இருந்தால் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இருந்தாள். வீட்டில் எனக்கு ஓம், இல்லை, தெரியாது என்று மூன்று சொல்லில் பதில் சொல்கிற பிள்ளை. அவளைத் தெரியாதவளாக நின்றதால்தான் அவளை எனக்குத் தெரியவந்தது. அதை இழந்துவிடுவேனோ என்ற பயம் ஒவ்வொரு நாளும் இருந்தது.

இரண்டு கிழமை யுத்தம்

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். பெயர்கள் எடுத்தானதும் ஹெலன் தலைப்பை வாசித்தார்.

“பெற்றோருக்கு நன்றியோடு இருப்பது பிள்ளைகளின் கடமை.”

பிறகு நாணயத்தைச் சுண்டினார். கடமைதான் என்று வாதாட வேண்டியவள் ஆரணி. கடமை இல்லை என்று வாதாட வேண்டியவள் நான்.

வீட்டுக்கு வந்ததும் நான் அவளுடைய அறைக் கதவைத் தட்டினேன்.

“நான் விலகிறன் பிள்ளை. ஹெலனிட்ட உண்மையைச் சொல்லி விலகிறன். உனக்கு இது கரைச்சல்.”

ஆரணி கட்டிலில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருந்தாள். அதற்குள் ஒரு பக்கம் குறிப்பு எழுதியிருந்தாள்.

“விலகினா ஏனெண்டு கேட்பினம். விலக வேண்டாம்.” பேனையை மூடினாள். “அம்மா, இன்னொண்டு. எனக்கு விட்டுக் குடுக்கக் கூடாது. ஓகே? அம்மாமார் செய்யிற மாதிரி லேசா விட்டுட்டு, பிள்ளை வெண்டுட்டாள் எண்டு சிரிக்கக் கூடாது. ஐ வில் நோ.”

“விடமாட்டன்.”

“ப்ரொமிஸ்?”

“ஓம். ப்ரொமிஸ்.”

அதன் பிறகு எங்கள் வீடு இரண்டு நாடானது. அவள் தன் அறையில், நான் துணி துவைக்கிற மெசினுக்குப் பக்கத்தில். ஒருவர் வந்தால் மற்றவர் நோட்டை மூடுவோம். மெசின் சுழலும் சத்தத்தில் நான் வாய்விட்டுப் பேசிப் பழகினேன். குகன் இரண்டு பக்கமும் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். ஒருநாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

“நீர் என்ன சொல்லப் போறீர்? பிள்ளை நன்றி இல்லாமல் இருக்கலாம் எண்டோ?”

“அப்பிடித்தான்.”

“நம்பித்தான் சொல்லுறீரோ?”

அதுதான் எனக்கும் தெரியாமல் இருந்தது. பத்து நாள் எழுதி எழுதிக் கிழித்தேன். நான் அறிந்த ஒவ்வொரு குடும்பத்திலும் பெற்றோர் பட்ட பாடு சாப்பாட்டு மேசையில் ஒரு கறி மாதிரி வைக்கப்பட்டிருந்தது. அதைச் சாப்பிடாமல் எழும்பின பிள்ளை இல்லை. அது இல்லாமல் ஒரு வீட்டை எனக்கு நினைத்துப் பார்க்கவே வரவில்லை.

அந்தப் பெண் யார்?

வாதம் நடந்த பிற்பகல் மண்டபத்தில் மேசைகளை அகற்றியிருந்தார்கள். ஒருபக்கம் கணப்பு, மறுபக்கம் யன்னல்கள். நடுவில் எல்லாரும் தரையில் இருந்தார்கள். வாதம் முடிந்ததும் கை உயர்த்துவதில்லை. எழுந்து, நம்புகிற பக்கத்துக்கு நடந்துபோக வேண்டும். ஆரணியின் பக்கம் கணப்பு. என் பக்கம் யன்னல்.

அவள் முதலில் பேசினாள். கடதாசி கையில் இல்லை. குரல் நடுங்கவில்லை. நன்றி என்பது உணர்ச்சி அல்ல, கவனிப்பு என்றாள். ஒருவர் உனக்காகச் செய்ததைக் காணாமல் இருப்பது ஒருவகைக் குருட்டுத்தனம், கண்ணைத் திறந்து வைத்திருப்பது எல்லாருடைய கடமையும்தான் என்றாள். பலர் தலையாட்டினார்கள். நானும் என்னை அறியாமல் ஆட்டிவிட்டேன்.

பிறகு சொன்னாள்:

“எனக்கு ஒரு பெண்ணைத் தெரியும். மகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நீச்சல் வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவார். மற்ற அம்மாக்கள் உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்கள். இந்தப் பெண் மட்டும் காரிலேயே இருப்பார். மகளுக்கு அது கோபம். ஒருநாள் வகுப்பு முந்தி முடிந்துவிட்டது. மகள் வெளியே வந்து பார்த்தாள். அந்தப் பெண் காருக்குள் இருந்து மகளுடைய ஏழாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விரலை வரிக்கு வரி வைத்து. மகளைக் கண்டதும் புத்தகத்தை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார். மகள் காணாதது போல ஏறி இருந்தாள். தன் படிப்பை விட்டுவிட்டு உழைக்கப் போன ஒரு பெண் அவர். அன்றிலிருந்து அந்த மகள் தன் புத்தகங்களை வேண்டுமென்றே காரின் பின்சீட்டில் மறந்துவிட்டுப் போனாள். அவளுக்கு நன்றி சொல்லத் தெரிந்தது அந்த ஒரு வழிதான்.”

நான் எழுந்தேன். என் கடதாசிகள் கையில் இருந்தன. அதில் எழுதியிருந்த ஒரு சொல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக அந்தப் பிள்ளை புத்தகங்களை மறந்துவிட்டுப் போவதற்காக ஏசியிருக்கிறேன்! ‘கவனமில்லாத பிள்ளை’ என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அங்கேயே இருந்து அழுதிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவள் வென்றிருப்பாள். நான் அவளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

கடதாசியை மடித்து வைத்தேன்.

“அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும்” என்றேன்.

சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீங்கள் அவரைப் பாவப்பட்டவராகப் பார்க்கிறீர்கள். அவர் பாவப்பட்டவர் அல்ல. கிழமை முழுவதும் அவருக்குக் கிடைத்த மிகச் சந்தோஷமான முக்கால் மணித்தியாலம் அதுதான். வெளியே பனி, உள்ளே ஹீட்டர், மடியில் புத்தகம். யாரும் எதுவும் கேட்காத நேரம். அவர் மகளுக்காக அங்கே இருந்தார் என்று நினைக்கிறீர்களா? நீச்சல் வகுப்பு இரண்டாம் தவணையோடு முடிந்திருக்க வேண்டியது. மகளுக்கு நன்றாக நீந்தத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்தான் இன்னும் இரண்டு வருஷம் பதிந்தார்.”

சிரிப்பு எழுந்தது. ஆரணியின் வாய் திறந்திருந்தது. இரண்டு வருஷம் கூடப் பதிந்த கதை அவளுக்குத் தெரியாது.

“நன்றி கடமை என்று வைத்தால் அந்தப் பெண் செய்தது எல்லாம் தியாகம் ஆகிவிடும். தியாகம் என்று பெயர் வைத்ததும் அவருடைய சந்தோஷத்தை நீங்கள் பறித்துவிடுகிறீர்கள். அந்த மகள் புத்தகத்தை விட்டுப்போனது கடமை என்பதாலா? யாரும் அவளிடம் கேட்கவில்லை. யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கடமையாக இருந்திருந்தால், இன்று அதைக் கேட்டு எனக்கு நெஞ்சு இப்படி அடித்திருக்காது.”

இருந்துவிட்டேன்.

பார்வையாளர் ஒரேயொரு கேள்வி கேட்கலாம் என்பது விதி. சோஃபி எழுந்து நின்றாள், வெறுங்காலோடு.

“மன்னிக்க வேண்டும். எனக்கு விளங்கவில்லை. நீங்கள் இருவரும் எப்படி ஒரே பெண்ணை அறிந்திருக்கிறீர்கள்? யார் அந்தப் பெண்?”

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். உடன்படிக்கை அவளுடையது. உடைப்பதென்றால் அவள்தான் உடைக்க வேண்டும்.

ஆரணி மண்டபத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“அது என் அம்மா. அதோ இருக்கிறார்.”

பிறகு வந்த இரைச்சலை எப்படி எழுதுவது! மேசை இருந்திருந்தால் உடைந்திருக்கும். சோஃபி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, “நான் உங்களுக்கு அறிமுகம் செய்துவைத்தேன்! நான் அறிமுகம் செய்துவைத்தேன்!” என்று கத்திக்கொண்டிருந்தாள். ஹெலன் மட்டும் ஆச்சரியப்படவே இல்லை. நாற்காலியில் ஏறி, “ஐந்து நிமிஷம் என்று பொய் சொல்கிறவரை நான் மறப்பேனா?” என்றார். முதல் நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். பெயர் எடுத்தது தற்செயல்தானா என்று பிறகு பலமுறை கேட்டேன். வெறுஞ்சட்டியை எனக்கு முன்னால் கவிழ்த்துக் காட்டினார், வேறு பதில் இல்லை.

பிறகு எல்லாரும் எழுந்து நடந்தார்கள். கணப்புப் பக்கம் கொஞ்சப் பேர், யன்னல் பக்கம் கொஞ்சப் பேர், நடுவில் மாறி மாறி அலைந்த சிலர். எண்ணி முடித்தபோது யன்னல் பக்கம் மூன்று பேர் கூடுதலாக நின்றார்கள். நான் வென்றுவிட்டேன்.

ஆரணி வந்து கையை நீட்டினாள். இரண்டாவது தடவையாக மகளோடு கைகுலுக்கினேன். இந்த முறை அவள் கையை விடவில்லை. ஆனால் முகத்தில் சந்தோஷம் இல்லை. உண்மையான எரிச்சல்.

கென்னடி ரோட் பஸ்

சப்வேயில் அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தாள். கென்னடி ஸ்டேஷனில் இறங்கிப் பஸ்ஸில் ஏறி, பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். கண்ணாடியில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலோடு அவளுடைய ‘சும்மா ஆரணி’ முடிந்துபோயிற்றோ, என்னை எப்படி மன்னிக்கப்போகிறாளோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் இரண்டு தரிப்புத் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, உங்கட ரெண்டாவது பொயின்ற் பிழை.”

“என்ன பிழை?”

“சந்தோஷமாச் செய்தா அது தியாகம் இல்லையெண்டு ஆர் சொன்னது? ரெண்டும் ஒண்டா இருக்கலாம். யூ ஜஸ்ட் அஸ்யூம்ட் இட். ஹெலன் அதைப் பிடிச்சிருக்கோணும்.”

“ரெண்டும் ஒண்டா இருந்தா, எதுக்கு நன்றி சொல்லுறாய்? சந்தோஷத்துக்கோ?”

“ஏன், சந்தோஷத்துக்கு நன்றி சொல்லக் கூடாதோ?”

அது நல்ல கேள்வி. யோசித்துச் சொன்னேன். அவள் அதை மறுத்தாள். நான் என் பையை மடியிலிருந்து கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதைத்தேன். அவள் குரல் உயர்ந்தது. முன்சீட்டில் இருந்த அன்ரி ஒருவர் திரும்பிப் பார்த்து, “என்ன பிள்ளையள், சண்டையோ?” என்று கேட்டார்.

“இல்லை அன்ரி, கதைக்கிறம்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

எங்கள் தரிப்பு எப்போது வந்து எப்போது போனது என்று இருவருக்கும் தெரியாது. பஸ் நின்று விளக்குகள் எல்லாம் எரிந்தபோதுதான் நிமிர்ந்தோம். ஸ்டீல்ஸ், கடைசித் தரிப்பு. அந்த அன்ரியும் எங்கோ இறங்கிவிட்டார். சாரதி கண்ணாடியில் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி ரோட்டைக் கடந்து மறுபக்கத் தரிப்பில் நின்றோம். காற்று காதை அறுத்தது. குகன் போன் எடுத்தார்.

“எங்க நிக்கிறியள் ரெண்டு பேரும்? புட்டு ஆறுது. ஆர் வெண்டது?”

ஆரணி என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

“இன்னும் முடியேல்லை அப்பா” என்றாள்.